மண் அள்ளும் சக்கரம்

தன்னைக் கடித்த நாயைத் தேடிப் போய், அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்த்துவிட்டு வந்த மனிதர் ஒருவரைத்தான் என் வாழ்நாளில் கண்டிருக்கிறேன். எங்கள் கடைக்குப் பின்தெருவில் ஒரு தையற்காரர் வளர்த்த நாய் அது. கெண்டைக்காலில் நன்றாகவே பதித்திருந்தது. ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு, வேட்டியை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி நேராக அந்த நாயிடமே போனார். பொறை ரொட்டி ஒன்றைக் காட்டி அதை உட்கார வைத்து, தாடையை இரண்டு விரலால் விலக்கிப் பார்த்தார். தையற்காரர் மிஷினை விட்டு எழுந்து ஓடிவந்து, "யோவ், மறுபடி கடிக்கப் போவுதுய்யா" என்று கத்திக்கொண்டிருந்தார்.

அப்புறம் என் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டு சொன்னார்:

"கோரப்பல்லு ரெண்டும் உள்பக்கமா வளைஞ்சிருக்குது பாய். அதான் கவ்வுனது வுடல. நான் காலை இழுத்திருக்கவே கூடாது."

"பார்த்து என்னண்ணே ஆகப்போகுது? கடித்தது கடித்ததுதானே?"

"அப்பிடி இல்ல பாய். அடிச்சது என்னான்னு ஒரு தடவ பாத்துட்டா கொஞ்சம் அடங்குது."

இந்த வாக்கியத்தை அவர் பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பல் பிடுங்கப் போன இடத்தில், டாக்டர் கையிலிருந்த இடுக்கியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பெண்ணாடம் போகும் வழியில் கரும்பு டிராக்டர் உரசி சைக்கிளோடு விழுந்தபோது, தூக்கிவிட வந்தவர்களிடம் "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு, டிரெய்லர் எப்படி டிராக்டரோடு கோர்த்திருக்கிறது என்று படுத்த வாக்கிலேயே பார்த்தாராம். இதையெல்லாம் அவருடைய மனைவி சிரிக்காமல் சொல்லுவார். கேட்கிற நாம்தான் சிரிப்போம்.

விருத்தாசலம் ஜங்ஷன் ரோட்டில் என் அத்தா வைத்துவிட்டுப் போன பேன்ஸி ஸ்டோரை அப்போது நான் நடத்திக்கொண்டிருந்தேன். வளையல், ரிப்பன், சோப்பு டப்பா, பிறந்தநாளுக்குக் கொடுக்கிற பொம்மைகள். ஜனங்கள் டேப்ரெக்கார்டரைப் பரணில் போட்டுவிட்டு சி.டி. பிளேயர் வாங்கிக்கொண்டிருந்த வருஷங்கள். ஒரு நாள் மத்தியானம், ஐம்பதைத் தாண்டிய இந்த மனிதர் முதல்முறையாக வந்து, அலமாரியின் மேல்தட்டைக் காட்டி, "அந்த மெக்கானிக் செட்ட எடுங்க" என்றார். வரிசையாகத் துளை போட்ட இரும்புப் பட்டைகள், சின்னச் சக்கரங்கள், நட்டு, போல்ட்டு எல்லாம் அட்டைப்பெட்டியில் போட்டு வரும். முடுக்கி முடுக்கி லாரி, ஏணி என்று எதையாவது கட்டலாம். பெரும்பாலும் பாதி கட்டிவிட்டுப் பிள்ளைகள் தூக்கி எறிந்துவிடும்.

"எத்தனை வயசுப் பையனுக்குங்க?"

"பையனுக்கு இல்லீங்க. எனக்குத்தான்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பெட்டியைக் கல்லா மேசையிலேயே பிரித்து, ஒரு பட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, துளைகள் வழியாகத் தெருவைப் பார்த்தார். "எல்லா ஓட்டையும் ஒரே எடவெளியில இருக்குது. நல்லாப் பண்ணியிருக்காங்க" என்று எனக்குப் பாராட்டுச் சொல்வது போலச் சொன்னார்.

அடுத்த வாரம் மஞ்சப்பையில் எதையோ பொதிந்து எடுத்துவந்தார். ரயில்வே கேட். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு பக்கத் தண்டும் ஒன்றாக இறங்கின. அதற்கப்புறம் கைப்பம்பு வந்தது, கரும்பு நசுக்குகிற ஆலை வந்தது. ஒவ்வொன்றையும் என் மேசையில் வைத்து ஓட்டிக் காட்டுவார். வளையல் வாங்க வந்த பெண்கள் நின்று பார்ப்பார்கள். மறுவாரம் அதைக் கழற்றிவிட்டு வேறொன்று கட்டியிருப்பார்.

எனக்கும் அந்தக் கிறுக்கு தொற்றிக்கொண்டது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து சாயங்காலம்தான் கடை திறப்பேன். அந்த இடைவெளியில் அவர் வீட்டுக்குப் போய், நானும் ஒரு பெட்டியைப் பிரித்துவைத்து உட்கார்ந்துவிடுவேன். நான் கட்டிய ராட்டினம் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் சுற்றும். "ஒங்க ராட்டினத்துல ஏறுனா நேரா ஆஸ்பத்திரிதான் பாய்" என்பார். அவர் அதிகபட்சம் அடித்த நகைச்சுவை அதுதான். நரைத்துப்போன இரண்டு ஆண்பிள்ளைகள் தரையில் பாயைப் போட்டு உட்கார்ந்து, ஒரு போல்ட்டு உருண்டுபோனால் ஆளுக்கொரு பக்கம் குனிந்து தேடுவோம். வாசலில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அவர் அதைக் கவனித்ததே இல்லை.

வீடு செராமிக் பேட்டை ஓரத்தில் இருந்தது. இரண்டு அறை. அந்தத் தெருவில் எல்லோர் வாசலிலும் களிமண் தூசி வெள்ளையாகப் படிந்திருக்கும். அவர் மனைவி ஒரு பொம்மை யூனிட்டில் வேலை பார்த்தார். அச்சிலிருந்து எடுத்த பொம்மைக்கு விலாவில் ஒரு கோடு இருக்குமே, அதைச் சுரண்டி வழவழப்பாக்குகிற வேலை. வேலை முடிந்து வந்தாலும் விரல் நுனிகள் வெள்ளையாகவே இருக்கும். ஒரே மகளைப் பெண்ணாடத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள்.

"சோத்துல கல்லு கெடந்தாக்கூட துப்பிட்டுத் திங்கலாம் பாய்" என்பார் அந்த அம்மா. "எங்க வூட்டு சோத்துல நட்டு கெடக்குது."

சொல்லிவிட்டு எனக்கு டீ போடப் போவார். குறை சொல்கிற குரலாக இருக்காது. இந்த மனிதர் இரும்புப் பட்டையோடாவது உட்கார்ந்திருக்கிறாரே என்ற நிம்மதி அதில் இருந்தது. அதற்கு முன்னால் அவர் எப்படி இருந்தார் என்பதை நான் வெகுநாள் கழித்துத்தான் தெரிந்துகொண்டேன். அதையும் அந்த அம்மாதான் சொன்னார், ஒரு வெள்ளிக்கிழமை அவர் கடைக்குப் போயிருந்த நேரத்தில்.

கம்மாபுரம் பக்கத்தில் ஊர். அண்ணன் தம்பி இரண்டு பேர், இவர் தம்பி. வீடு ஒட்டினாற்போல, நிலம் ஒட்டினாற்போல, நடுவில் பொதுவாக ஒரு கிணறு. நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கேட்டு வந்தபோது ஊரே கூடிப் பேசியது. கொடுப்பதில்லை என்று அண்ணன் சொன்னார். ஊரில் முக்கால்வாசிப் பேர் அண்ணன் பக்கம் நின்றார்கள். ஒரு நாள் தம்பி மட்டும் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். மகள் கல்யாணம் நெருங்கியிருந்தது. அது போக, எப்படியும் எடுக்கத்தான் போகிறார்கள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. அவர் போட்ட பிறகு ஒவ்வொருவராகப் போட்டார்கள்.

"மொதல்ல போட்டது இவரு. அதுதான் பாய் வெனயாப் போச்சி. கடைசியா போட்டிருந்தா யாரும் பேரு சொல்லியிருக்க மாட்டாங்க."

அண்ணன் கடைசி வரை இருந்தார். அக்கம்பக்கத்தில் ஓடு பிரித்து, சுவர் இடித்து, ஆள் போன பிறகும் அவர் வீட்டில் மட்டும் விளக்கு எரிந்ததாம். பிறகு அவரும் நிலத்துக்குப் பதிலாகக் கொடுத்த மாற்றுமனைக்குப் போனார். அங்கே தம்பிக்கும் ஒரு மனை இருந்தது. அண்ணன் முகத்தில் விழிக்க முடியாமல் இவர் விருத்தாசலம் வந்துவிட்டார். அண்ணன் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் சொல்லி அனுப்புவதில்லை.

"இங்க வந்து ஒரு வருசம் இந்த மனுசன் சொவத்தப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாரு. ஒங்க கடையில அந்தப் பொட்டிய வாங்கியாந்த அன்னிக்கித்தான் எங்கிட்ட ரெண்டு வார்த்த பேசுனாரு."

இது தெரிந்த பிறகும் நான் அவரிடம் எதுவும் கேட்கவில்லை. அவரே ஒரு நாள், "பாய், ஒங்க வண்டியில என்னைய ஒரு எடத்துக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார்.

கம்மாபுரம் சாலையில் போய், ஒரு மண்பாதையில் திரும்பி, வேலி இருக்கும் இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். வேலிக்கு அப்பால் பூமி இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் பள்ளம், படிப்படியாக இறங்கிப்போனது. மேலே சிவப்பு மண், அதற்குக் கீழே வெளுத்தது, அதற்கும் கீழே கறுப்பு. தூரத்தில் அந்த எந்திரம் நின்றது. நின்றது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, வேலை செய்துகொண்டிருந்தது. கோபுரம் சாய்ந்தது போல ஒரு கை. அதன் முனையில் ராட்டினம் போன்ற சக்கரம். சக்கரத்தைச் சுற்றிலும் வாளிகள். அவசரமே இல்லாமல் சுற்றியது. ஒவ்வொரு வாளியும் மண்ணைக் கடித்து, மேலே போய், பின்னால் ஓடுகிற பெல்ட்டில் கவிழ்த்துவிட்டு, மறுபடி கீழே வந்தது. சத்தம் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தது.

அவர் கையை நீட்டி, பள்ளத்துக்கு நடுவில் வெறும் காற்றைக் காட்டினார்.

"அங்கதான் பாய் எங்க கெணறு."

நான் அவர் விரல் போன திசையில் பார்த்தேன்.

"கெணத்துக்கு அடியும் போயி, அதுக்குக் கீழயும் போயிட்டாங்க. தண்ணி கெடந்த எடம் இப்ப அந்தரத்துல நிக்குது பாருங்க."

வெகுநேரம் பார்த்தார். வாளிகளை எண்ணினார், கை எந்த இடத்தில் மடங்குகிறது என்று பார்த்தார். நாயின் வாயைப் பார்த்த அதே முகம். திரும்பும்போது வண்டியில் ஏறாமல் நின்று கேட்டார்.

"நான் கையெழுத்துப் போடாம இருந்திருந்தா இது நின்னிருக்குமா பாய்? நீங்க சொல்லுங்க."

"எப்படிண்ணே நிற்கும்? இவ்வளவு பெரிய எந்திரத்தைக் கொண்டுவந்து வைத்தவர்கள் ஒரு கையெழுத்துக்காகவா நிற்கப் போகிறார்கள்?"

தலையை ஆட்டினார். ஆனால் அடங்கவில்லை. "நீங்க சொன்னாப் பத்தாது பாய்" என்றார்.

அதிலிருந்து வேறெதையும் அவர் கட்டவில்லை. அந்த எந்திரம்தான். என் கடையிலிருந்த செட்டுகள் போதவில்லை. நல்ல பல்சக்கரம் வேண்டும் என்றார். ஷார்ஜாவில் இருந்த என் தம்பியிடம் சொல்லி, பெரிய செட்டு ஒன்று வரவழைத்துக் கொடுத்தேன். பித்தளைப் பல்சக்கரங்களை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்திருந்தார். பழைய டேப்ரெக்கார்டர் ஒன்றைப் பிரித்து மோட்டாரும் ரப்பர் பெல்ட்டும் எடுத்தோம். மண் போகிற பாதைக்கு சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிக் கோர்த்தார். கை மட்டும் ஐந்தாறு தடவை சரிந்து விழுந்திருக்கும். விழுந்தால் ஒரு வார்த்தை பேச மாட்டார். முதலிலிருந்து கழற்றுவார்.

வாளிதான் அமையவில்லை. சோடா மூடி வைத்துப் பார்த்தார், தகரம் வளைத்துப் பார்த்தார். கடைசியில் அவர் மனைவி யூனிட்டிலிருந்து ஒரு பொட்டலம் கொண்டுவந்து போட்டார். பொம்மை டீ செட்டுக்குச் செய்கிற குட்டிக் கப்புகள். விளிம்பு கோணிப்போனதால் கழித்துப் போட்டவை. "இத வெச்சிப் பாருங்க" என்று சொல்லிவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்டார். கைப்பிடி வளையத்தில் போல்ட்டை நுழைத்து முடுக்கியபோது, சக்கரத்தைச் சுற்றிக் கப்புகள் வெள்ளை வெளேரென்று, பல்வரிசை போல உட்கார்ந்தன.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். பொங்கல் கழிந்து ஒரு வெள்ளிக்கிழமை அது ஓடியது. தாம்பாளத்தில் காய்ந்த களிமண் பொடியைக் குவித்து, கரையாகத் தட்டி வைத்திருந்தார். சுவிட்சைப் போட்டதும் சக்கரம் மெல்லத் திரும்பியது. முதல் கப்பு பொடியைக் கீறி அள்ளியது, மேலே போனது, டியூபில் கவிழ்த்தது, டியூப் ஓடிப்போய் மறுபக்கம் கொட்டியது. கரையில் ஒரு வளைவு விழுந்தது. அது பெரிதாகிக்கொண்டே போனது. நான் கைதட்டிவிட்டேன். பக்கத்தில் நின்ற அந்த அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "என்னால பாக்க முடியல" என்று வெளியே போனார்.

அவர் சுவிட்சை அணைத்தார்.

"பாய், எங்கண்ணனக் கூட்டிட்டு வாங்க."

"நானா?"

"நான் கூப்பிட்டா வர மாட்டாரு. நீங்க மூணாம் மனுசன். ஒங்களுக்காவ வருவாரு."

மறுநாளே மாற்றுமனைக்குப் போனேன். கோடு போட்டாற்போலத் தெருக்கள். மரங்கள் எல்லாம் ஆள் உயரம்கூட வளரவில்லை. அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தம்பியைப் போலவே முகம், ஆனால் ஒடுங்கிப்போன உடம்பு. யார் அனுப்பி வந்திருக்கிறேன் என்று சொன்னதும் நிமிர்ந்தார்.

"ஏன், ஒடம்பு கிடம்பு சரியில்லயா அவனுக்கு?"

"நல்லாத்தான் இருக்காருங்க. உங்களுக்கு ஒண்ணு காட்டணுமாம்."

வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். போய்விடலாமா என்று நான் நினைத்தபோது உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

தம்பி வாசலிலேயே நின்றிருந்தார். சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டிருந்தார். "வாண்ணே" என்றார். அந்த அம்மா, "வாங்க மாமா" என்று சொல்லிவிட்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். அண்ணன் உட்காரவில்லை. அறைக்குள் வந்ததும் அவர் கண் எந்திரத்தின் மேல் போனது. அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் முகம் மாறியது.

"என்னாடா இது?"

"பாருண்ணே. கொஞ்சம் பாரு" என்று தம்பி அவசரமாகச் சுவிட்சைப் போட்டார்.

சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. வெள்ளை மண் அள்ளி அள்ளிப் போனது. தம்பி குனிந்து, ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிப் பேசினார். நாளெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த பேச்சு என்று எனக்குத் தெரிந்தது.

"இதுக்கு ஆளு தெரியாதுண்ணே. வரப்பு தெரியாது, கெணறு தெரியாது. ஒரு வாளி போச்சின்னா அடுத்த வாளி வந்துடும். நிக்கவே நிக்காது. நான் போட்டிருந்தாலும் போடாட்டியும் இது வந்துதான் இருக்கும். யாரு நின்னாலும் நிறுத்தியிருக்க முடியாது. நீயே பாரு…"

அண்ணன் பார்த்துக்கொண்டேதான் இருந்தார். பிறகு மெல்லக் குனிந்து, ஆட்காட்டி விரலை நீட்டி, இரண்டு கப்புகளுக்கு நடுவில் வைத்தார்.

சக்கரம் நின்றது.

மோட்டார் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. ரப்பர் பெல்ட் வழுக்கிக்கொண்டு ஓடியது. அண்ணன் விரலை எடுக்கவில்லை.

"நின்னுடுச்சேடா" என்றார். குத்திக் காட்டுகிற குரல் இல்லை. அவருக்கே அது ஆச்சரியமாக இருந்தது போலத் தோன்றியது.

"இது பொம்மண்ணே" என்றார் தம்பி.

"ஆமா, பொம்மதான்."

விரலை எடுத்து வேட்டியில் துடைத்துக்கொண்டார். சக்கரம் ஒரு உதறலோடு மறுபடி ஓட ஆரம்பித்தது.

"ஊருல அத்தன பேரும் ஆளுக்கொரு வெரல வெச்சிருந்தா என்னா ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாதுடா. நின்னிருக்கும்னு நான் சொல்லல. ஆனா ஒனக்கும் தெரியாது."

டீயைக் குடிக்காமல் வெளியே வந்து என் வண்டிக்குப் பக்கத்தில் நின்றார். அந்த அம்மா டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் அழுதார். நான் அண்ணனைக் கொண்டுபோய் விட்டேன். இறங்கும்போது, "நல்லாத்தான் செஞ்சிருக்கான்" என்றார். இதை வந்து தம்பியிடம் சொன்னால் ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. பெல்ட்டைக் கையில் வைத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெல்ட்டுதான் பாய் வழுக்குது. மோட்டாருக்குச் சக்தி இல்ல."

"விடுங்கண்ணே."

"வெரல வெச்சா நிக்கக் கூடாது. அசல்ல நிக்காது. இது நிக்குதுன்னா நான் சரியாக் கட்டலன்னு அர்த்தம்."

அதற்கப்புறம் நான் அங்கே போவதைக் குறைத்துக்கொண்டேன். போனால் மூச்சு முட்டியது. முதல் நாட்களில் கைப்பம்பையும் ரயில்வே கேட்டையும் மேசையில் ஓட்டிக் காட்டியவரிடம் இருந்த சந்தோஷம் துளிகூட இல்லை. பெல்ட்டை எடுத்துவிட்டு நேராகப் பல்சக்கரம் கோர்த்தார். மோட்டாரை மாற்றினார். ஒவ்வொரு தடவையும் தன் விரலையே வைத்துப் பார்ப்பார். நிற்கும். விரல் முழுக்கக் கீறல். கடைசியில் காயலான் கடையிலிருந்து ஒரு மிக்ஸி மோட்டாரை வாங்கிவந்து பொருத்தினார்.

அன்றைக்கு நான் அங்கே இல்லை. சுவிட்சைப் போட்டதும் சக்கரம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுற்றியிருக்கிறது. கப்புகள் ஒன்றோடொன்று மோதி உடைந்து, அறை முழுக்கச் சிதறியிருக்கின்றன. ஒரு சில்லு அந்த அம்மாவின் புருவத்துக்கு மேல் பாய்ந்துவிட்டது. கண்ணுக்கு ஒரு விரல்கடை தள்ளி.

ஆஸ்பத்திரியில் நான் போய்ப் பார்த்தபோது, தையல் போட்ட நெற்றியோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அந்த அம்மா. கணவர் ஒரு தூணில் சாய்ந்து நின்றார்.

"இத்தன வருசமா பொம்மயச் சுரண்டுறேன் பாய், ஒரு நாளு கீறுனதில்ல" என்றார் அந்த அம்மா. பிறகு அவரைப் பார்த்து, "ஒங்கண்ணனுக்கு ருசு காட்டி முடிச்சீங்களா? இன்னும் யாருக்குக் காட்டணும்? சொல்லுங்க, நானும் தெரிஞ்சிக்கிறேன்" என்றார். அவர்கள் வீட்டில் அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்லை.

வீட்டுக்குப் போனதும் அவர் எந்திரத்தைக் கழற்றினாராம். தட்டி உடைக்கவில்லை. ஒவ்வொரு நட்டாகக் கழற்றி, எண்ணெய்த் துணியால் துடைத்து, வகை வகையாகப் பிரித்து டப்பாக்களில் போட்டு மூடினாராம். மறுபடி அவற்றைத் திறக்கவில்லை. செராமிக் பேட்டையில் ஒரு யூனிட்டில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். கடைக்கு எப்போதாவது வருவார். ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துவிட்டு, "வரேன் பாய்" என்று எழுந்துபோவார். அலமாரிப் பக்கம் திரும்ப மாட்டார்.

இப்படியே இரண்டு வருஷம் போயிருக்கும். அண்ணனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போய்விட்டது என்று தகவல் வந்தது. அவருடைய மகன் திருப்பூரில் இருந்தான். வாரத்துக்கு இரண்டு தடவை சிதம்பரத்துக்குக் கூட்டிப்போய் ரத்தத்தைச் சுத்தம் செய்து கூட்டிவர வேண்டும். ஆள் இல்லை. அண்ணி பொம்மை யூனிட் வாசலுக்கே வந்து, ஓரகத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. மறுநாள் விடிந்ததும் இவர் மாற்றுமனைக்குப் போய் அண்ணன் வாசலில் நின்றார். அண்ணன் எதுவும் கேட்காமல் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தார்.

அந்த பஸ் கம்மாபுரம் வழியாகத்தான் போகும். சுரங்கத்து மண்மேடு ஜன்னலில் தெரியும். அண்ணன் ஜன்னலோரம், தம்பி பக்கத்தில். போகும்போதும் பேச்சில்லை, வரும்போதும் பேச்சில்லை. பல மாதம் அப்படி. ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேரையும் பார்த்தேன். அண்ணன் தோளில் போட்டிருந்த துண்டு நழுவியது. தம்பி அதை எடுத்து மறுபடி போட்டார். அண்ணன் திரும்பிப் பார்க்கவில்லை, தட்டிவிடவும் இல்லை.

மழைக்காலத்தில் அண்ணன் இறந்துபோனார். நான் போயிருந்தேன். மாற்றுமனையின் சுடுகாடு புதுசு, இன்னும் கருவேல முள்ளையே முழுசாக வெட்டியிருக்கவில்லை. அப்பா, தாத்தா எல்லோரையும் வைத்த இடம் பள்ளத்தோடு போய்விட்டது என்று கூட்டத்தில் யாரோ மெதுவாகச் சொன்னார்கள். இவர் எல்லோருக்கும் பின்னால் நின்றிருந்தார். கொள்ளி வைத்துத் திரும்பிய மகன் தேடிவந்து, "வாங்க சித்தப்பா" என்று கையைப் பிடித்து முன்னால் கூட்டிப்போனான்.

கருமாதி முடிந்து, மொட்டைத் தலையோடு கடைக்கு வந்தார். கூட்டம் இல்லாத மத்தியானம். டீ சொன்னேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே பேசினார்.

"ஆஸ்பத்திரியில ஒரு மெஷின் பாய். அதுல சின்னதா ஒரு சக்கரம் சுத்திக்கிட்டே இருக்கும், ரத்தத்தத் தள்ளிக்கிட்டு. மொத நாளு ஒரு தடவ பாத்தேன். அப்பறம் முதுவக் காட்டி உக்காந்துகிட்டேன். கடைசி வரைக்கும் பாக்கல."

டீயில் ஒரு வாய் குடித்தார்.

"கடைசியாப் போனமே, அன்னிக்கிப் பேசுனாரு பாய்."

"அண்ணனா?"

"கம்மாபுரம் தாண்டிக்கிட்டு இருந்தது பஸ்ஸு. வெளிய பாத்துக்கிட்டே இருந்தவரு, திரும்பாமயே கேட்டாரு. 'ஏன்டா, அந்த வாளி மண்ண அள்ளிக்கிட்டு மேல போவுதுல்ல, வழியில சிந்தாம எப்பிடிடா பெல்ட்டு வரைக்கும் கொண்டாருது?' அப்பிடின்னாரு."

டம்ளரைக் கீழே வைத்தார்.

"நான் சொல்ல ஆரம்பிச்சேன். உள்பக்கம் ஒரு தகடு வளைஞ்சி நிக்கும்ணே, உச்சிக்குப் போறவரைக்கும் அதுதான் மண்ண வாளியிலயே புடிச்சி வெச்சிருக்கும், உச்சியிலதான் வுடும்னு. கைய வெச்சி வெச்சிக் காட்டுனேன். பஸ்ஸுல இருந்தவங்கல்லாம் பாத்தாங்க. சேத்தியாத்தோப்புல நிறுத்துனான். பாத்தா கண்ண மூடியிருக்காரு. தூங்கிட்டாருன்னு நிறுத்திட்டேன். 'ம், சொல்றா'ன்னாரு."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அவருக்கு அது தெரிஞ்சி என்னா ஆவப்போவுது பாய்? எனக்காவத்தான் கேட்டாரு."

"முழுசாகச் சொன்னீங்களாண்ணே?"

"இல்ல பாய்" என்றார். "ஆஸ்பத்திரி வந்துடுச்சி."